எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்து

மருந்து வேலை செய்யும் நேரம் நாற்பது நிமிடம். ஒப்புதல் படிவத்தைப் படித்து முடிக்க முப்பத்தோரு நிமிடம். மங்கையர்க்கரசி மனசுக்குள் இரண்டு முறை கழித்துப் பார்த்தாள். இரண்டு முறையும் ஒன்பதுதான் மிஞ்சியது.

"ஒன்பது நிமிஷத்துல நான் என்னத்தப் பேச டாக்டரம்மா?" என்றாள். "எங்க வீட்டுல ஒரு காப்பி ஆறவே அம்புட்டு நேரமாகும்."

டாக்டர் நிலோஃபர் சிரிக்கவில்லை. மதுரையில் அந்த மறதி நோய் ஆராய்ச்சி மையத்தின் மூன்றாம் மாடி அறையில், இருபத்திரண்டு பக்கப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே மட்டும் பத்து வயது கூடுதல்.

"ஞாபகம் அழிஞ்சு போறதில்லம்மா. ரொம்ப நாள் வரைக்கும் உள்ளதான் கிடக்கு. அங்க போற பாதைதான் அறுந்து போகுது. இந்த மருந்து அதுக்கு நடுவுல ஒரு பாலம் போடும். மூக்குல நாலு சொட்டு, அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் பாலம் நிக்கும். அப்புறம் விழுந்துரும்."

"மறுபடி விட்டா?"

"வாரம் ஒரு தடவதான் விடலாம். பதினாறு வாரம். அதுக்கு மேல போனா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே."

"சரி, அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டுட்டேனே. அவரு வேற எதுக்குப் போடணும்?"

"இப்ப அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது. அதனால உங்க கையெழுத்து செல்லும். மருந்து விட்டதும் அவருக்குத் தெரியும்ல? தெரிஞ்ச ஆளக் கேக்காம அவரு மேல ஆராய்ச்சி பண்ணக் கூடாதும்மா. நெறிமுறைக் குழுவுல கண்டிப்பா சொல்லிட்டாங்க. முழிச்சதும் மொத வேலை படிவம். மத்த பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்."

"அவரு வேணாம்னுட்டா?"

"அதோட முடிஞ்சது. ஒரு தடவ வேணாம்னு சொன்னவர்கிட்ட திரும்பக் கேக்கக் கூடாது."

மங்கையர்க்கரசி தலையை ஆட்டினாள். நியாயமாகத்தான் பட்டது.

ரத்தினவேலு திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், குணம் முரட்டுப் பிடிவாதம். கைநாட்டு வைக்க யார் வந்தாலும், முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டாமல் அவர்கள் விரலை மைப்பெட்டிப் பக்கம் விடமாட்டார். 'படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்று எல்லா எழுத்தர்களும் கடைசியில் சம்பிரதாயத்துக்கு எழுதுவார்கள். இவர் நிஜமாகவே படிப்பார். ஒருமுறை சொந்த அண்ணனே அத்தையின் நிலத்தை எழுதி வாங்க அவளை அழைத்துக்கொண்டு வந்து, "படிக்கிறதெல்லாம் வேணாம்டா, வெயிலு ஏறுது, ரேகைய வாங்கு" என்றார். ரத்தினவேலு வரி விடாமல் படித்தார். பாதியிலேயே அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன் ஒன்பது வருஷம் பேசவில்லை.

அந்த மனிதருக்குத்தான் இப்போது தன் பெயரே நிச்சயமில்லை. நோய் வந்து ஐந்து வருஷம். கடைசி இரண்டு வருஷமாக மனைவியை விருந்தாளி மாதிரி நடத்துகிறார். "நீங்க" என்பார், "ஏங்க" என்பார். சாயங்காலமானால், "நேரமாச்சுங்களே, உங்க வீட்டுல தேடமாட்டாங்களா?" என்று அக்கறையாகக் கேட்பார். அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டை விட்டு ஓடவில்லை. கொய்யா மரத்து அணிலைப் பார்த்துச் சிரிக்கிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். பார்க்கிறவர்கள் எல்லாம், "கொடுத்து வச்சவம்மா நீ, எம்புட்டு அமைதி" என்றார்கள். அவளுக்கு அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் "ஏ அரசி" என்று வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் கேட்ட குரல் அது. அந்த ஒரு கூப்பாட்டுக்காக அவள் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள்.

ஒன்று மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது. எழுத்து எதுவானாலும் உரக்கப் படித்துவிடுவார். மாத்திரை அட்டை, சோப்பு உறை, பஸ்ஸில் ஓடும் பெயர்ப்பலகை. ஒரு எழுத்து பிசகாது. படித்தது என்னவென்று மட்டும் தெரியாது. "அது அப்படித்தாம்மா. கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள பாதை தனி. அது கடைசியாத்தான் அறும்" என்று நிலோஃபர் சொல்லியிருந்தார்.

முதல் வாரம், காலை பத்து மணி. ரத்தினவேலுவின் நெற்றியில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டினார்கள். அதில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் அவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். மஞ்சள் வந்தால் அதன் பிறகு போடும் கையெழுத்து செல்லாது. மூலையில் அந்தோணிராஜ் உட்கார்ந்திருந்தார். மையத்துக்குச் சம்பந்தமில்லாத ஆள், பொதுச் சாட்சி. கடிகாரத்தைப் பார்ப்பதும், நடந்ததை நடந்தபடி எழுதுவதும் அவர் வேலை.

நாலு சொட்டு விட்டு ஆறு நிமிடம். பச்சை எரிந்தது.

ரத்தினவேலு கண்ணைச் சுருக்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அவள் மேல் வந்து நின்றது.

"ஏ அரசி," என்றார். "என்ன இப்படி இளைச்சுப்போயிட்ட?"

அவள் என்னென்னவோ பேச நினைத்து வந்திருந்தாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அவள் விரலைத் திருப்பி அழுத்தியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"ஐயா," என்றார் நிலோஃபர் மெதுவாக. "நான் டாக்டர் நிலோஃபர். உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லி, உங்க சம்மதம் கேக்கணும்." படிவத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

"குடுங்கம்மா, நானே படிக்கிறேன்." ரத்தினவேலு படிவத்தை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். வரிக்குக் கீழே விரல் வைத்து, பத்திரம் எழுத வரும் பார்ட்டிக்குப் படித்துக் காட்டும் அதே குரலில், உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மங்கையர்க்கரசிக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பது நிமிடத்தைப் பற்றி அழுதோமே, இந்தக் குரல் முப்பத்தோரு நிமிடம் கேட்கும் என்று தோன்றவில்லையே என்று நினைத்தாள்.

நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. நோயின் பெயர் அங்கேதான் இருந்தது. எத்தனையாவது கட்டம், இனி என்ன ஆகும் என்பதும் இருந்தது. அவர் திரும்பப் படித்தார். மூன்றாவது முறை வாய்க்குள் படித்தார்.

"எனக்கா?" என்றார்.

ஆமாம் என்று நிலோஃபர் தலையசைத்தார்.

"எத்தன வருஷமா?"

"அஞ்சுங்க," என்றாள் அரசி.

"அஞ்சு வருஷமா நான் எங்க இருந்தேன்?"

அவர் அழுது அவள் அதிகம் பார்த்ததில்லை. தன் அம்மா செத்தபோதுகூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குச் சொல்லப் போனவர். இப்போது படிவம் மடியில் கிடக்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஐந்து நிமிடம் அப்படிப் போனது. அந்தோணிராஜ் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு தொழில் புத்தி வந்து கைகொடுத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் தலை நிமிர்ந்தது.

"ஏம்மா, ஏழாம் பக்கத்துல 'பங்கேற்பாளர்'னு போட்டிருக்கீங்க. இங்க 'நோயாளி'ங்கிறீங்க. ஒரே ஆளு ரெண்டு பேருல வரலாமா? நாளைக்கு எவனாவது கோர்ட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?"

"திருத்திடுறேன் ஐயா."

"திருத்துங்க. எந்த ஆளுன்னு தெரியணும்ல?"

பதினாறாம் பக்கம் வந்தபோது மஞ்சள் எரிந்தது. அவர் படிப்பதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் சாவி தீர்ந்த பொம்மை மாதிரி மெல்ல இறங்கியது. பிறகு எழுந்து, படிவத்தை மரியாதையாக அரசியிடம் நீட்டினார். "இது உங்களுதுங்களா?"

கையெழுத்து விழவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தோணிராஜ் தன் ஏட்டில் 'நிலுவை' என்று எழுதிக்கொண்டார். மூன்று முறை வரை அப்படி நிலுவையில் வைக்கலாமாம்.

அடுத்த வாரம் அதே நாற்காலி, அதே நாலு சொட்டு. பச்சை.

"ஏ அரசி, என்ன இப்படி இளைச்சுப்போயிட்ட?"

அதே வார்த்தை, அதே தொனி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, திகிலும் வந்தது. கண்ணாடியை ஏற்றினார். விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நான்காம் பக்கம் திரும்பப் போகிறது என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தத் தாளை வெடுக்கென்று பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"எனக்கா?" என்றார் ரத்தினவேலு.

போன வாரம் அழுத அழுகை பழசாகி இருக்கும் என்று அவள் எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அவருக்கு அது சுத்தமாகப் புதுசு. முதல் முறை கேட்கிறவன் எப்படி அழுவானோ அப்படியே அழுதார். "அஞ்சு வருஷமா நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார். அவளுக்கு மட்டும்தான் அது இரண்டாம் முறை. இன்னும் பதினான்கு வாரம் இருக்கிறது, பதினான்கு முறை இந்த மனுஷனுக்கு இழவு சொல்ல வேண்டும், அதற்கு நான் சேலை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு ஆசையாகப் புறப்பட்டு வருகிறேன் என்று நினைத்தாள். அன்றைக்கு நிஜமாகவே பூ வைத்திருந்தாள். மல்லிகை. அவருக்குப் பிடிக்கும் என்று.

இன்னும் திருத்தி வராத ஒன்பதாம் பக்கத்தில், பங்கேற்பாளரும் நோயாளியும் ஒரே பெயரில் வர வேண்டும் என்றார். பதினைந்தாம் பக்கத்தில் மஞ்சள் எரிந்தது.

மறுநாள் நிலோஃபர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் ஒரே ஒரு தாள் இருந்தது.

"என் தப்பும்மா," என்றார். "அந்தப் படிவத்த எழுதினது நான்தான். ஒரு விஷயமும் விட்டுப்போகக் கூடாதுன்னு இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது நாற்பது நிமிஷத்த நான் யோசிக்கவே இல்ல. அவங்க அழுவாங்கங்கிறத ஒரு வரியில எழுதியிருக்கேன். 'தற்காலிக மன வருத்தம் ஏற்படலாம்'னு."

"எல்லாருமே அழுவுறாங்களா?"

"பதினோரு பேரு. பதினோரு பேரும்." நிலோஃபர் தாளைத் தள்ளினார். "குழுவுல மூணு மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில இதுக்குச் சம்மதிச்சாங்க. திரும்பத் திரும்பச் சொல்றது அவங்களுக்குத் துன்பமா இருந்தா, சொல்லாம விடலாம். நோயப் பத்திப் பேச வேண்டாம், படிவம் வேண்டாம். வீட்டு ஆளு இதுல கையெழுத்துப் போட்டாப் போதும். 'சும்மா செக்கப்புக்கு வந்தோம்'னு சொல்லிட்டு நாற்பது நிமிஷமும் நீங்க பேசிக்கிட்டிருக்கலாம்."

நாற்பது நிமிடம் முழுசாக. அழுகை கிடையாது. மங்கையர்க்கரசிக்கு அந்தத் தாளைப் பார்க்கவே பயமாக இருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இது சரியா டாக்டரம்மா?"

"சொன்னாலும் அவருக்குக் கொடுமை. சொல்லாட்டியும் ஏமாத்து வேலை. எது சின்னத் தப்புன்னு எனக்கு நெசமாவே தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட நடிக்க மாட்டேன்."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு போனது அரசிக்கு நினைவு வந்தது. அண்ணன் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்ததும் வந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள். ஆசை என்று வந்துவிட்டால் மனுஷி என்னதான் செய்வாள்.

மூன்றாம் வாரம். பச்சை.

"ஏ அரசி, என்ன இப்படி இளைச்சுப்போயிட்ட?"

"வயசாயிருச்சுங்க. செக்கப்புக்கு வந்தோம். சும்மா ஒரு டெஸ்ட்டு."

"எனக்கா உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அதான் நெத்தியில பட்டை கட்டியிருக்காங்களா?" என்று சிரித்தார். அவ்வளவுதான், நம்பிவிட்டார். அவள் சொன்னால் நம்புகிற மனிதர். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

பேசினார்கள். மகள் பூரணியைக் கேட்டார். கோயம்புத்தூரில் இருக்கிறாள், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. குழந்தைக்கு மூன்று வயது என்பதை அவளும் சொல்லவில்லை. "யாரு மாதிரி இருக்கு?" "உங்க காது அப்படியே வந்திருக்கு." "ஐயோ பாவம்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் எட்டி அவள் தலையிலிருந்த மல்லிகையைத் தொட்டுப் பார்த்தார். "கால் முழத்த வச்சுக்கிட்டு வந்திருக்க, கஞ்சப்பய மக," என்றார். அவளுக்கு இருபது வயது ஆனது மாதிரி இருந்தது. இந்த அறை, இந்த மூலையில் குனிந்து எழுதும் அந்தோணிராஜ், கதவோரம் நிற்கும் டாக்டர் எல்லாம் காணாமல் போய்விட்டன. இது போதும், இப்படியே பதினாறு வாரமும் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

"சரி, ஒண்ணு செய்வோம்," என்றார் ரத்தினவேலு. "நாளைக்கு மேலக்கோட்டைப் பார்ட்டி வருது, அதப் பதிஞ்சு குடுத்துட்டேன்னா சனி ஞாயிறு எனக்கு வேலை இல்ல. வெள்ளிக்கிழமை வண்டி ஏறுவோம். பேத்தியப் பாத்துட்டு, அப்படியே மருதமலைக்கும் போயிட்டு வருவோம். உனக்குத்தான் ரொம்ப நாளா ஆசை. என்ன, சரியா?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"என்ன அரசி? நீ சரின்னாதான் டிக்கெட் போடணும். உன்னக் கேக்காம நான் என்னைக்குப் போட்டிருக்கேன்?"

உண்மைதான். அவர் கேட்காமல் செய்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பெரியவர்கள் தட்டு மாற்றப் போன நேரத்தில், "அந்தப் பிள்ளையக் கேட்டீங்களா?" என்று கேட்டு அத்தனை பேர் வாயையும் அடைத்தவர். இப்போது அவர், தனக்கு வரவே வராத ஒரு வெள்ளிக்கிழமைக்கு அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எத்தன நிமிஷம் ஆச்சு சார்?" என்று அரசி மூலையைப் பார்த்துக் கேட்டாள்.

"இருபத்து மூணும்மா," என்றார் அந்தோணிராஜ். பிறகு நிமிர்ந்தார். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிலோஃபருக்கும் புரிந்தது. தடுக்க ஒரு அடி எடுத்து வைத்தவர், அங்கேயே நின்றுகொண்டார்.

அரசி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான்காம் பக்கத்தில் இருந்ததைத் தன் வார்த்தையில் சொன்னாள். ஐந்து வருஷம் என்றாள். நாற்பது நிமிடம் என்றாள். வாரம் ஒரு முறை, பதினாறு வாரம், ஒவ்வொரு முறையும் நினைவில்லாமல் போகும் என்றாள். இதற்கு முன் இரண்டு முறை சொல்லி இரண்டு முறையும் நீங்கள் அழுதீர்கள், அதனால் இன்றைக்குச் சொல்லாமல் ஏமாற்றினேன், அதற்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாள். எல்லாவற்றையும் சொல்ல நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. இருபத்திரண்டு பக்கம் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அவர் அழுதார். ஆனால் கை அவள் மடியிலேயே இருந்தது. அதனாலோ என்னவோ சீக்கிரம் அடங்கியது.

"மத்த நேரமெல்லாம் நான் எப்படி இருக்கேன்? அந்த ஆளு, கஷ்டப்படுறானா?"

"இல்லங்க. நல்லா சாப்பிடுறீங்க. அணிலப் பாத்துச் சிரிக்கிறீங்க. என்னைய 'நீங்க வாங்க'ன்னு பேசுறீங்க."

"அட, மரியாத தெரிஞ்ச பயதான்." துண்டால் கண்ணைத் துடைத்தார். "டாக்டரம்மா, அந்த ஆள வச்சுத்தான ஆராய்ச்சி? அந்த ஆளக் கேட்டீங்களா?"

"அவரக் கேக்க முடியாது ஐயா. அதனாலதான் உங்கள…"

"நான் வேற ஆளும்மா. அவன் நல்லாத்தான் இருக்கான். அவன எழுப்புறப்பெல்லாம் சாகுறது நான்." குரலில் கோபமில்லை. பத்திரத்தில் ஒரு பிழையைக் காட்டுகிற தொனிதான். "இதுனால நாளைக்கு நாலு பேருக்கு நல்லது நடக்கும்னு தெரியுது. நடக்கட்டும். முடிஞ்சவன் கையெழுத்துப் போடட்டும். எனக்கு வேண்டாம்."

அரசி வாயைத் திறந்தாள். ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று கேட்கத்தான் வந்தது. அவர் அவளைப் பார்த்தார்.

"என்ன அரசி? சரியா?"

அவளுக்குத் தெரியும், அவள் மாட்டேன் என்றால் அவர் சம்மதிப்பார். அவளுக்காகப் பதிமூன்று முறை சாவார். நினைவும் இருக்காது. குறை சொல்லவும் வரமாட்டார்.

"சரிங்க," என்றாள்.

நிலோஃபர் இழுப்பறையிலிருந்து படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்தார். 'சம்மதமில்லை' என்ற இடத்தில் ரத்தினவேலு கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து. பச்சை எரிந்துகொண்டிருந்தது. அந்தோணிராஜ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"மிச்சம் எம்புட்டு இருக்கு?"

"பத்து நிமிஷம் இருக்குங்க ஐயா."

"போதும். வெள்ளைத் தாள் ஒண்ணு குடுங்க. அரசி, நீ இங்கிட்டு வந்து பக்கத்துல உக்காரு. பேசாத, எழுதுறப்பப் பேசினாத் தப்பு வரும்."

அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் இடது கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது, வலது கை எழுதியது. என்ன எழுதுகிறார் என்று அவள் பார்க்கவில்லை. எழுதும்போது அவர் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் அடிவரை வந்துவிட்டார். பேனா ஒரு வரியை முடித்துவிட்டுக் கீழே இறங்கியது. அங்கே நின்றது. நெற்றியில் மஞ்சள் எரிந்தது.

அவள் முழங்கையிலிருந்து அவர் கையை எடுத்துக்கொண்டார். தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு எழுதினதுங்க?" என்றார். "எழுத்து நல்லாருக்கே."

இரண்டு மாதம் கழித்து நிலோஃபர் தொலைபேசியில் பேசினார். படிவம் இரண்டு பக்கமாகிவிட்டதாம், பங்கேற்பாளர் என்று ஒரே பெயர்தானாம். முழித்தவர்களிடம் முதல் கேள்வியே, "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்பதுதானாம். ஐயாவுக்குச் சொல்லுங்கள் என்றார். சொன்னாள். "அப்படிங்களா, சந்தோஷம்ங்க," என்றார் ரத்தினவேலு.

இப்போதெல்லாம் காலைப் பலகாரம் முடிந்ததும் அரசி அந்தத் தாளை எடுத்து வந்து அவர் கையில் கொடுப்பாள். "கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா? எனக்குக் கண்ணு தெரியல," என்பாள். யாராவது அப்படிக் கேட்டுவிட்டால் அவரால் மறுக்க முடியாது. கண்ணாடியை ஏற்றி, வரிக்குக் கீழே விரல் வைப்பார்.

"திருமங்கலம் கற்பக நகரில் இருக்கும் ரத்தினவேலு ஆகிய நான், மேற்படி விலாசத்தில் என் பெயரிலேயே குடியிருந்து வரும், எனக்கு அறிமுகமில்லாத ரத்தினவேலுவுக்கு, முழு சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், உன்னோடு இருக்கும் இந்த அம்மாள் பெயர் அரசி. மேற்படி அரசி உன் மனைவி. சாயங்காலமானால் அரசியை வீட்டுக்குப் போகச் சொல்லாதே, அரசிக்கு இதுதான் வீடு. அரசி தலை சீவ வந்தால் தலையைக் கொடு. அரசி ஊட்டினால் சாப்பிடு. எதைச் செய்தாலும் அரசி உன்னைக் கேட்டுத்தான் செய்வாள், நீயும் அரசியைக் கேட்டுச் செய். அரசி அழுதால் ஏன் என்று கேள், பதில் புரியாவிட்டாலும் கேள். இதில் அடித்தல் திருத்தல் ஏதும் இல்லை. படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு…"

பத்திரத்தில் பெயர் எத்தனை முறை வர வேண்டும் என்று தொழில் தெரிந்த ஆளுக்குத்தானே தெரியும். ஒவ்வொரு 'அரசி'யும் அந்தக் குரலில் வந்து விழும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"ஏங்க அழுவுறீங்க?" என்பார். படித்ததால் கேட்கிறாரா, தானாகக் கேட்கிறாரா என்று அவள் ஆராய்வதில்லை.

"ஒண்ணுமில்லைங்க."

பிறகு அவர் தாளின் அடியில் வெறுமையாக இருக்கும் இடத்தைப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். நெற்றி சுருங்கும்.

"எழுதிக் குடுத்தவரு கையெழுத்துப் போடலையேங்க. கையெழுத்து இல்லாட்டி இது செல்லாது."

"அவரு வெளிய போயிருக்காருங்க," என்பாள் அரசி.

"எப்ப வருவாரு?"

"தெரியலைங்க."

"வந்ததும் வாங்கி வச்சிருங்க. நல்லா எழுதியிருக்காரு, பாவம்." தாளை நான்காக மடித்து மரியாதையாக அவளிடம் நீட்டுவார். "தலை சீவட்டுங்களா?" என்று அவள் கேட்பாள். "சரிங்க," என்று அவர் தலையைக் கொடுப்பார்.